கப்பலில் வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறோம்

"நீங்கள்லாம் எங்கேருந்து வந்த ஆக்கள்?" கிழக்குக் கரையில் பிறந்த எந்த முஸ்லிம் புள்ளைக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. கொழும்பில் அறை வாடகைக்குக் கேட்கப் போனால் வரும். கம்பஸில் முதல் கிழமையே வரும். 2019க்குப் பிறகு அதே கேள்வி இன்னும் கொஞ்சம் இறுக்கமான குரலில் வந்தது. நம்மட ஆக்களிடம் அதற்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு: அரபு வியாபாரிகள் கப்பலில் வந்தார்கள், இங்கே கல்யாணம் முடித்தார்கள், நாங்கள் அவர்களுடைய பரம்பரை.

இந்தப் பதிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்கள், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்பது அதன் சாரம். சட்டசபையில் முஸ்லிம்களுக்கென்று தனி ஆசனம் கொடுப்பதா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் புத்தகமாகவே பதில் எழுதினார்: இல்லை, நாங்கள் அரபு வம்சம். நூறு வருசத்துக்கு மேலாகியும் முகநூலில் நாங்கள் அந்த இரண்டு பேருடைய கொமெண்டுகளைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கட கருத்து இதுதான். இரண்டு பக்கமும் வியாபார வரலாற்றைக் காணி உறுதி மாதிரிப் பாவிக்குது. யார் முதல் வந்தது, யாருடைய இரத்தம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்குது. ஆனால் பண்டைய வியாபாரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே இரத்தம் பற்றிய தகவல் மிகக் குறைவு. இருப்பதெல்லாம் பாதை, தண்ணி, சாப்பாடு, முத்திரை, பாஷை. இதைச் சொல்ல எங்களுக்கு நல்ல உதாரணம் அரபு நாடு இல்லை. வளைகுடாவின் மற்றக் கரையில் இருக்கிற பாரசீகம்.

ஏன் பாரசீகம்? நம்மட பள்ளிவாசலிலிருந்தே தொடங்கலாம். வடஇந்திய முஸ்லிம்கள் நமாஸ், ரோஜா என்று பாரசீகச் சொல்லில் சொல்வதை நாங்கள் தொழுகை, நோன்பு என்று நல்ல தமிழில் சொல்கிறோம். அந்த அளவுக்குத் தமிழில் ஊறியவர்கள், தொழுகைக்கு அழைப்பதை மட்டும் பாங்கு என்கிறோம். அது அரபு இல்லை. பாரசீகத்தில் கூவல், சத்தம் என்று அர்த்தம். பேஷ் இமாமுடைய "பேஷ்" பாரசீகம், முன்னால் என்று பொருள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் வருசா வருசம் கொடியேற்றுகிற தர்கா இருக்கே, அந்தத் "தர்கா"வும் பாரசீகம்தான். வெளியே வந்து பஸாருக்குள் நடந்தால் அந்த "பஸார்", கடையில் நிறுக்கிற தராசு, கையில் தருகிற ரசீது எல்லாம் அங்கேயிருந்து வந்த சொல்கள். நேராக ஈரானிலிருந்து ஒருவர் கல்முனையில் இறங்கி இவற்றைச் சொல்லித் தந்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. இவற்றில் பல இந்தியா வழியாக, தமிழ்நாட்டுக் கரை வழியாக, எத்தனையோ வாய்கள் மாறி வந்தவை. சொல்லுக்குப் பயணம் செய்ய வம்சம் தேவைப்படவில்லை என்பதுதான் எங்கட பொயின்ட்.

இன்னும் பெரிய சாட்சி கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்குது. 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து வைத்தது. கல்லில் உள்ள திகதி 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லுது. முஸ்லிம்களுக்கான மூன்றாவது பகுதி எந்த மொழியில்? எல்லாரும் அரபு என்றுதான் நினைப்பார்கள். பாரசீகம். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காணிக்கை. சீனாவிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பற்படை, இலங்கைத் துறைமுகத்தில் நிற்கிற முஸ்லிம் வியாபாரி வாசிக்க வேண்டுமென்றால் பாரசீகத்தில் எழுது என்று முடிவெடுத்திருக்கு. கடல் வியாபாரத்தின் பொதுப் பாஷைகளில் ஒன்றாக அது இருந்ததுதான் காரணம். அந்த வியாபாரியின் தாய் தகப்பன் ஈரானா, மலபாரா, குஜராத்தா என்பது செங் ஹேக்குத் தேவைப்படாத விசயம்.

அதற்கும் 65 வருசம் முந்தி, 1344இல், இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கினார். அவரை வரவேற்றது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அந்த அரசருக்குப் பாரசீகம் விளங்கும் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. மொரோக்கோக்காரர் ஒருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஒருவரும் புத்தளத்தில் உட்கார்ந்து பாரசீகத்தில் கதைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது தாய்மொழி இல்லை. முத்துக் குவியலைக் காட்டிக் கதைத்த அந்த அரசரை யாரும் ஈரானிய வம்சம் என்று சொல்வதில்லையே! அவர் மன்னாருக் கடலில் வியாபாரம் செய்தவர், அதற்குத் தேவையான பாஷையைப் பிடித்துக்கொண்டவர், அவ்வளவுதான். இதே தர்க்கத்தை முஸ்லிமுக்கு மட்டும் நாங்கள் ஏன் பொருத்திப் பார்ப்பதில்லை?

இப்னு பதூதா பாவாதமலை ஏறப் போனபோது கேட்ட இன்னொரு கதையும் இருக்கு. அந்த மலைக்கு முஸ்லிம்கள் போகிற பாதையை முதலில் திறந்தவர் ஷீராஸ் நகரத்து இப்னு கஃபீஃப் என்று அவர் எழுதுகிறார். ஷீராஸ் ஈரானில், இப்னு கஃபீஃப் 982இல் மறைந்த சூஃபி. அவரோடு போனவர்கள் பசி தாங்காமல் ஒரு யானைக்குட்டியை அடித்துச் சாப்பிட்டார்களாம், இவர் மட்டும் தொடவில்லையாம். ராத்திரி யானைக் கூட்டம் வந்து ஒவ்வொருத்தராக மோந்து பார்த்துச் சாப்பிட்டவர்களைக் கொன்றுவிட்டு, இவரை முதுகில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து விட்டதாம். நடந்ததா என்று கேட்காதீங்க. காட்டுப் பாதையில் போகிறவன் அந்த இடத்தின் உயிருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதை அக்காலப் பயணிகள் இப்படித்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பிந்திய காலம். பாரசீகருடைய வியாபாரம் இங்கே வந்ததற்கு இஸ்லாத்துக்கு முந்திய ஆதாரமே இருக்கு. பரம்பரைக் கதைக்காரர்கள் தொடாத பகுதி இது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்ற வியாபாரி, பிறகு துறவியானவர், இலங்கையைப் பற்றி எழுதினார். இந்தியா, பாரசீகம், எத்தியோப்பியா எல்லா இடத்துக் கப்பலும் வருகிற நடுச்சந்தி என்றார். இங்கே குடியேறியிருந்த பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம் இருந்தது என்றார். பாரசீகத்திலிருந்து குதிரை கொண்டுவருகிறவர்களுக்கு அரசர் வரி எடுப்பதில்லை என்றும் எழுதினார். 1912இல் அனுராதபுரத்தில் கல்லில் செதுக்கிய ஒரு சிலுவையும் கிடைத்தது. ஆக "பாரசீகத்திலிருந்து வந்த வியாபாரி" என்றவுடன் தாடி, தொப்பி வைத்துப் படம் கீறுகிற நம்மட பழக்கம் பிழை. முதலில் வந்தவர்களில் ஒரு பகுதி சிலுவை வைத்திருந்தது.

மன்னாருக்குக் கிட்ட மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழு தோண்டியது. யுத்தம் வந்து வேலை நின்றது. அறிக்கை புத்தகமாக வர 2013 ஆனது. வளைகுடாப் பக்கத்து நீலப்பச்சை மெருகுப் பானை ஓடுகளும் சீனப் பீங்கானும் அங்கே ஒரே மண்ணில் கிடந்தன. பிறகு நடந்த ஆய்வில் ஒரேயொரு கிராம்பு கிடைத்தது, ஆயிரம் வருசப் பழையது. அந்தக் காலத்தில் கிராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். புரியாணிக்குள் கடிபட்டால் துப்புகிறோமே, அது.

வியாபாரம் என்றால் எல்லாரும் கைகோர்த்து நடந்தார்கள் என்று கனவு காணவும் வேண்டாம். அதே 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன், பட்டை நேரடியாக இந்தியர்களிடம் வாங்கித் தாருங்கள் என்று எத்தியோப்பியர்களைக் கேட்டார். அவர்களால் முடியவில்லை. ஏனென்றால் இந்தியக் கப்பல் முதலில் வந்து அடைகிற துறைமுகங்களிலேயே பாரசீக வியாபாரிகள் குந்திக்கொண்டு முழுச் சரக்கையும் வாங்கிவிடுவார்கள் என்று புரோகோப்பியஸ் எழுதுகிறார். கல்முனைச் சந்தையில் விடியற்காலையிலேயே லொறியோடு வந்து மரக்கறியை மொத்தமாக அள்ளுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது நல்லா விளங்கும்.

சரி, அந்தப் பாரசீக உலகம் பாதையை எப்படி நடத்தியது? இன்னும் ஆயிரம் வருசம் பின்னால் போக வேண்டும். சூசாவிலிருந்து, இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த சார்திஸ் வரை அரச பாதை. 111 தங்குமிடம், கால்நடையாக 90 நாள் என்று ஹெரோடோட்டஸ் கணக்குக் கொடுக்கிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதோடு முடிந்துவிடும். உண்மையான சுவாரசியம் பெர்சிபோலிஸில் 1930களில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில்தான் இருக்கு. முதலாம் தாரியூஸ் காலத்து, கி.மு. 509 முதல் 493 வரையான கணக்குப் புத்தகங்கள் என்று வையுங்களேன். ஆயிரக்கணக்கில். எலாமிய மொழியில். (எலாமியமும் தமிழும் ஒரே குடும்பம் என்று வட்ஸ்அப்பில் வருவது நிரூபிக்கப்படாத ஒரு கருதுகோள். ஷெயார் பண்ண முன் யோசிங்க.)

அதில் பயணிகள் பகுதி ஒன்று இருக்கு. பயணம் போகிறவரிடம் முத்திரையிட்ட ஒரு பத்திரம். அதற்கு "ஹல்மி" என்று பெயர். எத்தனை பேர், எங்கேயிருந்து எங்கே, ஒரு நாளைக்கு எவ்வளவு மா கொடுக்க வேண்டும் எல்லாம் அதில். ஒவ்வொரு தங்குமிடத்திலும் காட்டினால் சாப்பாடு அளந்து கொடுப்பார்கள், கொடுத்ததை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். இந்தியாப் பக்கம் போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சமத்துவம் ஒன்றும் இல்லை. சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர் அளவு மா. நிருவாகத் தலைவர் பர்னாக்காவுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆடு, 90 படி திராட்சை மது, 180 படி மா! ஆனாலும் கடைசி ஆளுக்கும் ஒரு அளவு எழுதப்பட்டிருந்தது. பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண்களுக்கு மேலதிகப் படி கொடுத்த கணக்கும் இருக்கு. ஆம்பிளைப் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு, அது வேறு கொடுமை.

இந்த ஹல்மியை வாசித்தபோது எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது ரொபர்ட் நொக்ஸ். மூதூர்ப் பக்கம் பிடிபட்டு 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர். 1681இல் புத்தகம் எழுதினார். கண்டிக்குப் போகிற பாதைகளில் முள்ளுக் கதவு போட்டுக் காவல் இருக்கும், அதைத் தாண்டக் களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும் என்கிறார். படைவீரனுக்குத் தோளில் ஈட்டியோடு ஒரு ஆள் உருவம். கூலிக்காரனுக்குக் காவடித் தடியில் இரண்டு பை தொங்கவிட்ட ஆள். வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும். கூட்டத்தில் எத்தனை பேரோ, களிமண்ணில் அத்தனை முத்திரை. பெர்சிபோலிஸுக்கும் கண்டிக்கும் இடையில் இரண்டாயிரம் வருசத்துக்கு மேல். ஒன்றைப் பார்த்து மற்றது வரவில்லை. பாதையை நடத்துகிற எந்த அரசும் கடைசியில் களிமண்ணுக்கும் முத்திரைக்கும் வந்து சேருது போல.

இந்தக் கண்டிப் பாதைதான் நம்மட பாதை. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, 1626ஐ ஒட்டி, கண்டி அரசன் செனரத் அவர்களில் ஒரு பகுதியை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். அதன் பிறகும் அதற்கு முந்தியும் நம்மட ஆக்கள் பொதிமாட்டுக்காரர்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு. மலையிலிருந்து பாக்கு கரைக்கு. சிங்களத்தில் இந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் தவலம என்று பெயர். கண்டி அரசில் போக்குவரத்துக்கென்று மடிகே பத்த என்ற ஒரு பிரிவே இருந்தது. அதில் முஸ்லிம்கள் வேலை செய்தார்கள். லோனா தேவராஜா 1994இல் எழுதிய இலங்கை முஸ்லிம் வரலாற்று நூலில் இது விரிவாக இருக்கு. மட்டக்களப்பிலிருந்து பிந்தென்ன வழியாகக் கண்டிக்குப் போகிற பாதையில்தான் 1602இல் ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கனும் போனார். பொதிமாட்டோடு போனவர்கள் அம்பலங்களில் தங்கினார்கள், சிங்களம் கதைத்தார்கள், கடன் கொடுத்து அடுத்த பருவத்தில் வாங்கினார்கள். வண்டிப் பாதையும், 1867இல் கண்டிக்கு ரயிலும் வந்ததோடு அந்த வாழ்க்கை தேய்ந்து போனது.

கப்பலில் வந்த அரபியைப் பற்றிப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் பத்து நிமிசம் முழங்குகிறோம். உப்புப் பொதியோடு மஹாஓயாக் காட்டுக்குள் நடந்தவனைப் பற்றி ஒரு வரி சொல்ல ஆளில்லை. ஏன்? அவன் பெருமைக்கு உதவமாட்டான் என்று நினைக்கிறோம். மாட்டு வாடை அடிக்குமாம். ஆனால் "நீங்க எங்கேருந்து வந்தீங்க" என்ற கேள்விக்கு நல்ல பதில் அவனிடம்தான் இருக்கு. இந்தத் தீவின் கரையையும் மலையையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த வேலையை அவன் செய்தான்.

அவனையும் விட மறைந்து போனவள் ஒருத்தி இருக்கிறாள். நம்மட ஊர்களில் குடி தாய் வழியாக வரும். வாப்பாவுடைய குடி எதுவாக இருந்தாலும் பிள்ளை உம்மாவுடைய குடிதான். பள்ளிவாசல் மரைக்கார் குடிப்படிதான் வந்தார். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார், வீடு மகளுக்கு. அக்கரைப்பற்றில் பல வருசம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பெரிய புத்தகமாகவே எழுதியிருக்கிறார், பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே முறை என்று. அரபிலும் இது இல்லை, பாரசீகத்திலும் இல்லை, இந்தக் கரைக்குரியது. (வீடு மகளுக்கு என்பது இன்று சீதனச் சுமையாகிக் கிடப்பது தனிக் கட்டுரைக்கான கோபம்.) அப்படியென்றால் நம்மட சொந்தக் கணக்குப்படியே நாங்கள் யாருடைய வழி? கப்பலில் வந்து இறங்கியவனுடைய வழி இல்லை. அவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரியுடைய வழி. வந்தவன் பெயரை எண்ணி, இருந்தவளை விட்டுவிட்ட வரலாறு எப்படி நம்மட வரலாறாகும்? தாரியூஸின் கணக்கப்பிள்ளை கூடப் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பலகை எழுதிவைத்தான்.

இதை எழுதும்போது சிலர் கேட்பார்கள்: அரபுத் தொடர்பை மறைக்கப் பார்க்கிறீங்களா, 2019க்குப் பயந்து? இல்லை. அந்த வருசம் அரபுப் பெயர்ப்பலகைகள் கழற்றப்பட்டதையும், காத்தான்குடி வீதியில் நின்ற ஈச்சமரங்களைக் கூடச் சந்தேகத்தோடு பார்த்ததையும் நாங்கள் மறக்கவில்லை. ஒரு மரத்தை வைத்து ஒரு சமூகத்தை எடைபோடுவது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்குப் பதிலாக இன்னும் நாலு ஈச்சமரம் நட்டு "ஓம், நாங்கள் அங்கேயிருந்து வந்தவங்கதான்" என்று சொல்வது, கேள்வி கேட்டவனுடைய தராசிலேயே ஏறி நிற்கிற வேலை. பயந்து "எங்களுக்கும் வெளியுலகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை" என்று சொல்வதும் அதே தராசின் மற்றத் தட்டு.

இன்றைக்கும் நம்மட வீடுகளில் பாதி அந்த வளைகுடாவை நம்பித்தான் அடுப்பெரியுது. கட்டார், குவைத், சவூதி, டுபாய். காக்காமார் போகிறார்கள், உம்மாமாரும் ராத்தாமாரும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையிலும் முத்திரை குத்திய பத்திரம் இருக்கு. அதில் முதலாளியின் பெயர் இருக்கும், தொழில் இருக்கும். ஒரு நாளைக்கு இவருக்கு எவ்வளவு சாப்பாடு, எங்கே தங்க இடம் என்பது அதில் எழுதியிருக்காது. ஹல்மியில் அது இருந்தது. பழைய காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2500 வருசத்துக்கு முந்திய எழுத்தனுக்குத் தோன்றிய ஒரு விசயம் இன்றைய ஏஜென்சிக்காரனுக்குத் தோன்றவில்லை என்கிறோம். வியாபார வரலாற்றைப் படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

பாதையும் துறைமுகமும் சும்மா கட்டினால் நிற்காது என்பதற்கு ஒலுவிலைப் போய்ப் பாருங்க. டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம். வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. தென்னந்தோப்பும் காணியும் போன குடும்பங்கள் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் இருக்கு. மாந்தை ஆயிரம் வருசத்துக்கு மேல் துறைமுகமாக இருந்தது, மணலோடும் காற்றோடும் ஒத்துப்போகிற இடத்தில். ஈரான் தன்னுடைய பழைய சத்திரங்களில் 54ஐத் தேர்ந்தெடுத்து 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நம்மட தவலமப் பாதையில் நின்ற அம்பலம் எத்தனை, கிணறு எத்தனை என்று நாங்கள் இன்னும் எண்ணத் தொடங்கவே இல்லை.

எண்ணலாம் என்று நினைக்கிறோம். வேலை பெரிசில்லை. சம்மாந்துறை, நிந்தவூர், மருதமுனை, இறக்காமம் பக்கத்தில் எண்பது வயது தாண்டிய மூத்தவாப்பா, மூத்தம்மாமாரிடம் போய்க் கேட்கிறது: உங்கட வாப்பா பொதிமாடு வைத்திருந்தாரா, எந்த ஊரில் ராத் தங்கினார், அங்கே யார் வீட்டில் சோறு, உப்புக்கு என்ன வாங்கி வந்தார், அவர் இல்லாத மாசங்களில் வயலையும் வீட்டையும் யார் பார்த்தது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீங்க. போனில் ரெக்கோர்ட் பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. ஊர்ப் பெயர், இடப் பெயர் மட்டும் சரியாக எழுதி வையுங்க. சிங்களம் நல்லாத் தெரிந்தவர்கள் யாராவது மஹாஓயா, மஹியங்கனைப் பக்கம் போய் மற்றப் பாதிக் கதையையும் கேட்க வர முடியுமென்றால் இன்னும் நல்லம்.